9 முதல் 12 வயது: பிள்ளைகளோடு விசுவாசத்தைப் பேசுவது எப்படி? (கேள்வி பதில்)

பெற்றோரும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தும் சகோதரி ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: சிஸ்டர், மகனுக்கு 11 வயது. சண்டே கிளாஸ் முடிந்து வந்ததும் "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "தெரியல", "ஒண்ணுமில்ல" என்கிறான். போன வருஷம்வரை வாய் ஓயாமல் பேசியவன்.

"என்ன படிச்சே?" என்பது பரீட்சைக் கேள்வி. தப்பாகச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று அவனுக்குத் தெரியும். இந்த வயதில்தான் சொந்த அபிப்பிராயம் முளைக்கிறது, அதைக் கேளுங்கள். யோனா கதை என்றால் (யோனா எச்சரித்ததும் நினிவே ஊரார் திருந்தினார்கள், ஆண்டவர் அவர்களை அழிக்காமல் விட்டார்), "நினிவே தப்பிச்சதுக்கு யோனா கோபப்பட்டது நியாயமா?" என்று கேட்கலாம். "அவங்க கெட்டவங்கதானே" என்று ஒரு வரி வரும். அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே பிரசங்கம் வைத்தால், அடுத்த வாரம் அந்த ஒரு வரியும் வராது. "ஏன் அப்படித் தோணுது?" என்பதோடு நிறுத்துங்கள்.

கேட்ட பிறகு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுத்திருந்தார்கள். மூன்று வினாடிக்கு மேல் பொறுத்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். வீட்டில் நாம் ஒரு வினாடிகூடப் பொறுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எதிரே உட்காரவைத்துக் கேட்காதீர்கள். துணி மடிக்கும்போதோ, சேர்ந்து நடக்கும்போதோ, கண் கண்ணைப் பார்க்காத நேரத்தில் பேச்சு தானாக வரும்.

கேள்வி: பாட்டி பிழைக்க வேண்டும் என்று எல்லோரும் ஜெபம் பண்ணினோம். பாட்டி இறந்துவிட்டார்கள். "ஆண்டவர் ஏன் கேட்கல?" என்று 10 வயது மகள் கேட்கிறாள். விசுவாசம் போய்விடுமோ என்று பயமாயிருக்கிறது.

கேட்கிற பிள்ளையைப் பற்றிப் பயம் வேண்டாம். கேட்பதை நிறுத்திய பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும். 12 வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசியதைக் கேட்டதோடு அவர்களை வினாவவும் செய்தார் என்றுதான் லூக்கா எழுதியிருக்கிறார்.

முதலில், சொல்லக் கூடாதவை. "ஆண்டவருக்குப் பாட்டியை ரொம்பப் பிடிச்சுது, எடுத்துக்கிட்டார்" என்றால், அடுத்து அம்மாவையும் எடுத்துக்கொள்வாரோ என்று அவள் கணக்குப் போடுவாள். "தூங்கிட்டாங்க" என்றால் இரவில் கண் மூடவே பயப்படுவாள். "இன்னும் விசுவாசமா ஜெபிச்சிருக்கணும்" என்பது மூன்றிலும் கொடியது. பாட்டி இறந்ததற்குத் தானே காரணம் என்று அந்தப் பிள்ளை வருஷக்கணக்கில் சுமக்கும். பத்து வயதில் சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். உருவகம் ஓரளவு புரியும், ஆனால் துக்கத்தில் இருக்கும்போது புரியாது.

"இறந்துட்டாங்க" என்ற சொல்லையே சொல்லுங்கள். "எனக்கும் இதுக்கு முழு பதில் தெரியல, எனக்கும் அழுகை வருது" என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. பிறகு ஒருநாள் 13ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசியுங்கள், மொத்தம் 6 வசனம்தான். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது, எண்ணச் சொல்லுங்கள். ஆண்டவரிடம் இப்படிப் பேசலாமா என்று ஆச்சரியப்படுவாள். "எதுவரைக்கும்" என்று தொடங்கி அவளும் இரண்டு வரி எழுதட்டும். கடைசி இரண்டு வசனங்களில் சங்கீதக்காரன் நம்பிக்கைக்குத் திரும்புகிறான். அவளும் அன்றைக்கே திரும்ப வேண்டும் என்று தள்ளாதீர்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதல் வரியே இல்லாமல் முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: ஜெபம் பண்ணச் சொன்னால் பெரியவர்கள் சொல்வதையே ஒப்பிக்கிறாள்.

நாம் அப்படித்தானே ஜெபிக்கிறோம்! மூன்று வாக்கியம் போதும் என்று சொல்லுங்கள்: இன்று நடந்த ஒன்றுக்கு நன்றி, தன்னை உறுத்தும் ஒரு காரியம், இன்னொருவருக்காக ஒரு வேண்டுதல். "எல்லாருக்காகவும்" என்பது கூடாது, பெயர் வர வேண்டும். முதலில் உங்கள் மூன்று வாக்கியத்தை நீங்கள் ஜெபித்துக் காட்டுங்கள், உங்களை உறுத்துவதையும் சேர்த்து. முறை வரும்போது "பாஸ்" சொல்ல அனுமதி இருக்கட்டும். ஜெபத்தின் நடுவிலோ முடிந்த கையோடோ திருத்தாதீர்கள்.

கேள்வி: ஆராதனையில் வேதபாடம் வாசிக்க 12 வயதுப் பையனைப் போட்டிருக்கிறோம். போனமுறை ஒரு பிள்ளை பாதியில் அழுதுவிட்டது. எப்படித் தயார் செய்வது?

ஒரு வாரம் முன்பே பகுதியைக் கொடுங்கள். 6 முதல் 10 வசனத்துக்கு மேல் வேண்டாம். தமிழ் வேதாகமத்தில் பிள்ளைகள் தடுக்குவது பெரும்பாலும் கூட்டுச்சொற்களில்தான். கொலோசெயர் 3:21-இல் "திடனற்றுப்போகாதபடி" வரும். பென்சிலால் "திடனற்றுப் / போகாதபடி" என்று கோடு போடுங்கள். யாக்கோபு 1:19-இல் "இருக்கக் / கடவர்கள்". மூச்சு விடும் இடத்தில் இரட்டைக் கோடு.

முதல் நாள், பகுதியைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். பொருள் தெரியாமல் வாசிப்பவன் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துவான். அடுத்த மூன்று நாள், தினம் இரண்டு முறை நின்றுகொண்டு சத்தமாக. கடைசி ஒத்திகை ஆளில்லாத ஆலயத்தில், அதே மைக்கில். தன் குரல் பெரிதாகத் திரும்பி வருவதை முதன்முதலில் ஞாயிற்றுக்கிழமை கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆடிப்போகும். முதல் வசனத்தை மனப்பாடமாக்கிவிட்டால் தலை நிமிர்ந்து தொடங்கலாம். பயத்தில் பாதி அங்கேயே இறங்கும். வேகம் கூடுவது பயத்தால்தான். "மெதுவா வாசி" என்பதைவிட "இரட்டைக் கோட்டில் மூச்சு விடு" என்பது வேலை செய்யும். முன் வரிசையில் உட்கார்ந்து உதடு அசைத்துச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவன் கண் தாளை விட்டு உங்களிடம் வந்துவிடும்.

கேள்வி: வகுப்பில் 8 பிள்ளைகள். இரண்டு பேரே பேசுகிறார்கள், ஒருத்தி வாயே திறப்பதில்லை.

ஆளுக்கு 3 பொத்தான் கொடுங்கள். பேசும்போது ஒன்றை நடுவில் வைக்க வேண்டும், தீர்ந்தால் கேட்க வேண்டியதுதான். வாயாடிகள் இரண்டாவது பொத்தானிலேயே யோசிக்கத் தொடங்குவார்கள். பேசாதவளுக்கு இது மட்டும் உதவாது. இருவர் இருவராக 2 நிமிடம் பேசவிட்டு, தான் சொன்னதை அல்ல, ஜோடி சொன்னதை வகுப்புக்குச் சொல்லச் செய்யுங்கள். அடுத்தவர் கருத்து என்பதால் தப்பாகிவிடுமோ என்ற பயம் குறையும். "நீ சொன்னது இதுதானே?" என்று ஜோடியிடம் சரிபார்ப்பதும் பாடத்தில் சேர்த்தி. "காரியத்தைக் கேட்குமுன்" பதில் சொல்வது புத்தியீனம் என்கிற நீதிமொழிகள் 18:13-ஐ அன்றைக்கு மனப்பாட வசனமாக வைத்தால் பொருத்தமாயிருக்கும்.

கேள்வி: வசனம் சொன்னால் பரிசு கொடுக்கலாமா?

எப்போதாவது கொடுக்கலாம். வாராவாரம் கொடுத்தால், பரிசு நிற்கிற அன்று வசனமும் நிற்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு வசனம். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: வகுப்புப் பிள்ளை ஒன்று "யாரிடமும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, ஒண்ணு சொல்றேன்" என்கிறது.

சத்தியம் பண்ணாதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லுவேன், மத்தவங்ககிட்ட பேசமாட்டேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அப்போதும் சொல்வார்கள். மற்றவர் கண்ணில் படும் இடத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் உட்காருங்கள். துன்புறுத்தல் என்றால் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். "நீ சொன்னது நல்லது, இதுல உன் தப்பு எதுவும் இல்ல" என்று சொல்லி, பிள்ளை சொன்ன வார்த்தையையே அன்றே எழுதிவைத்து, சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்தில் உடனே சொல்லுங்கள். சபையின் பேர் கெட்டுவிடும் என்ற யோசனைக்கு இங்கே இடமே இல்லை.

கேள்வி: தங்கையை அடித்துவிட்டு "சாரி" என்று முறைத்துக்கொண்டே சொல்கிறான்.

கோபம் ஆறாமல் சாரி வாங்காதீர்கள், 20 நிமிடம் போகட்டும். பிறகு மூன்று வரி: என்ன செய்தேன், அவளுக்கு எப்படி இருந்திருக்கும், இப்போது எதைச் சரிசெய்வேன். "ஆனா அவதான் முதல்ல..." என்று தொடங்கினால் இன்னும் நேரமாகவில்லை என்று அர்த்தம். நீங்கள் அவனிடம் கத்திய அன்று இதே மூன்று வரியை அவனிடம் சொல்லியிருந்தால் அவனுக்குப் பழகியிருக்கும்.

கேள்வி: குடும்ப ஜெபம் எவ்வளவு நேரம் வைக்கலாம்?

10 நிமிடம். ஒரு பாட்டு, 5 முதல் 8 வசனம், ஒரே ஒரு கேள்வி, ஆளுக்கு மூன்று வாக்கிய ஜெபம். கேள்வியைத் தினம் ஒருவர் கேட்கட்டும், பிள்ளை கேட்கிற நாளில் பதில் சொல்வது உங்கள் முறை.