பஸ்ஸில் வரும் 'நோசியா'வுக்கு இஞ்சி போதுமா?

கேள்வி: பஸ்ஸில் ஏறினாலும் நோசியா, சாப்பிட்டு எழும்பினாலும் நோசியா. இஞ்சி குடித்தால் சரிவரும் என்கிறார்கள். எவ்வளவு குடிக்கலாம்?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இஞ்சிக்கு வருகிறேன் தங்கச்சி. முதலில் அந்த 'நோசியா'. அது கப்பலில் பிறந்த சொல். கிரேக்கத்தில் 'நவுஸ்' என்றால் கப்பல். கடலில் போனவர்களுக்கு வந்த வயிற்றுப் பிரட்டலுக்கு அந்தப் பெயர் வந்தது. கொழும்புக் காலி வீதி பஸ்ஸுக்கும் அது பொருந்தும்தான். ஆனால் சாப்பிட்ட பிறகு வருவதும் அதுதானா? இரண்டு வருத்தங்களை ஒரே சொல்லில் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வயிற்றைப் பிரட்டுவது வேறு, ஓங்காளிப்பது வேறு, சத்தி எடுப்பது வேறு. நெஞ்செரிவு, புளித்த ஏப்பம், வயிற்றுப் பொருமல், சமிபாடு இல்லாமை என்று இன்னும் எத்தனையோ நம் வீடுகளில் புழங்குகின்றன. ('சமிபாடு' என்று எழுதியதற்கு, 'செரிமானம்' என்று திருத்தச் சொல்லி வழமைபோலக் கடிதம் வரும். வரட்டும். பள்ளிக்கூடத்தில் படித்து வீட்டில் பேசுகிற சொல்லை இந்தப் பக்கத்தில் நான் மாற்றப் போவதில்லை.)

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் மாமியை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். "நெஞ்சுக்குள்ள எரியுது" என்றுதான் அவர் சொன்னார். கூடப்போன நாங்கள் அதை 'நோசியா' என்று மாற்றிச் சொன்னோம். குமட்டலுக்குக் குளிசை தந்தார்கள். எரிவு அப்படியே இருந்தது. மாமி சொன்னது சரியாகத்தான் இருந்தது, மொழிபெயர்த்தது நாங்கள். கொழும்பில் தமிழில் நோகிறவர்களுக்கு இது தினமும் நடக்கிறது.

இஞ்சி விஷயத்திலும் இந்த வித்தியாசம் முக்கியம். குமட்டலைத் தணிக்கிற அதே இஞ்சி சிலருக்கு நெஞ்செரிவைக் கூட்டும். சாப்பிட்ட பிறகு வயிறு பாரமாக, இறங்காத மாதிரி இருக்கிறதென்றால் இஞ்சி போட்ட பிளேன்டீ நல்லது. இரைப்பை சீக்கிரம் காலியாக இஞ்சி உதவுகிறது என்று சிறிய ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். எரிகிறதென்றால் வேண்டாம். போத்தலில் வரும் ஜின்ஜர் பியரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பொருமுகிற வயிற்றுக்குள் இன்னும் காஸும் சீனியும்தான் போகும்.

பஸ் பிரட்டலுக்கு வருவோம். 1988-ல் டென்மார்க்கில் ஓர் ஆய்வு வெளியானது. கடல் பழகாத 80 கடற்படைப் பயிலுநர்களில் ஒரு பகுதியினருக்கு 1 கிராம் இஞ்சித் தூளும் மற்றவர்களுக்கு இஞ்சி இல்லாத வெறும் தூளும் கொடுத்துப் பார்த்தார்கள். இஞ்சி குடித்தவர்களுக்கு வாந்தியும் குளிர் வியர்வையும் குறைந்தன, ஆனால் குமட்டலில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. மசக்கைக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இது தலைகீழ்: குமட்டல் தணிந்தது, வாந்தி அவ்வளவாகக் குறையவில்லை. பாருங்கள், ஆய்வுக்காரர்களும் குமட்டலையும் வாந்தியையும் பிரித்துத்தான் எண்ணுகிறார்கள். ஆகவே பஸ்ஸுக்கு இஞ்சி நிச்சயம் கேட்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முன் குடித்துப் பாருங்கள். முன் இருக்கையில் இருந்து, போனைப் பார்க்காமல் தூரத்தைப் பாருங்கள்.

நோசியா கப்பலேறி நம்மிடம் வந்தது போல, நம்முடைய இஞ்சியும் கப்பலேறிப் போயிருக்கிறது, பெயரையும் எடுத்துக்கொண்டு. பாளியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', ஆங்கிலத்தில் 'ஜின்ஜர்'. பாளிச் சொல்லின் வாலில் இருப்பது நம்முடைய 'வேர்' என்பது மொழி ஆராய்ச்சியாளர் பலருடைய முடிவு. சிங்களத்தில் 'இங்குரு'. புறக்கோட்டையில் எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரே கிழங்கைத்தான் நிறுத்துத் தருகிறார்கள். எனக்கு இது ஒவ்வொரு முறையும் சந்தோஷம்.

சரி, அளவு. ஆய்வுகளில் பெரும்பாலும் நாளொன்றுக்கு 1 கிராம் சுக்குத்தூள், மூன்று நான்கு தரமாகப் பிரித்து. வீட்டுக் கணக்கில் ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி. பச்சை இஞ்சி என்றால் தோல் சீவி, இரண்டு மூன்று துண்டு தட்டி வெந்நீரில் போட்டுக் குடிக்கலாம். வார்ஃபரின் போல இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், பித்தப்பையில் கல் உள்ளவர்களும், பிள்ளை வயிற்றில் இருப்பவர்களும் டொக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், காய்ச்சலோடு விடாமல் சத்தி எடுத்தால், வயிறும் நொந்தால், இஞ்சி அவித்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். கொழும்பில் அது டெங்கு முற்றுவதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே 'நோசியா' என்று சொல்லாமல், காலையிலிருந்து எத்தனை தரம் சத்தி எடுத்தீர்கள், கடைசியாக எப்போது சலம் போனது என்று சொல்லுங்கள்.