சேமிப்பைத் தொடலாமா? எந்தக் கடனை முதலில் அடைப்பது?

கேள்வி: கிரெடிட் கார்டில் 90,000 நிலுவை இருக்கிறது; மாதம் 3 சதவீத வட்டி. தனிநபர் கடனில் 50,000 பாக்கி, மாதம் 1.2 சதவீதம். பொருள் வாங்கிய தவணைக் கடனில் 12,000. மாதம் 1 சதவீதம். மாதந்தோறும் 15,000 ஒதுக்கி, கார்டுக்கு 8,500, தனிநபர் கடனுக்கு 5,000, தவணைக் கடனுக்கு 1,500 என்று பிரித்துக் கட்டுகிறேன். கட்டாயத் தவணை என்று பார்த்தால் தனிநபர் கடனுக்கு 3,000, தவணைக் கடனுக்கு 1,500. சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 4 சதவீத வட்டியில் 60,000 வைத்திருக்கிறேன். அதைத் தொட மனம் வரவில்லை. வேலை நிரந்தரமானது, வீட்டுச் செலவு மாதம் 20,000. சிறிய கடனை முதலில் முடித்துவிடச் சொல்கிறார் நண்பர். வட்டி அதிகமுள்ளதை முதலில் அடைக்கச் சொல்கிறார் அக்கா. இது பற்றிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன, நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் அக்கா சொல்வதே சரி. நண்பர் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் இருவருமே கவனிக்காத ஒன்று அந்தச் சேமிப்புக் கணக்கு. உங்களுக்கு மிகப் பெரிய இழப்பு அங்கேதான் நேர்கிறது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் 60,000 மாதத்துக்கு 200 வட்டி ஈட்டுகிறது. அதே மாதத்தில் கார்டு நிலுவை உங்களிடமிருந்து 2,700 வட்டி பெறுகிறது. அந்தச் சேமிப்பில் 40,000-ஐ எடுத்துக் கார்டில் கட்டினால், அடுத்த மாதம் முதல் 1,200 வட்டி குறையும்; நீங்கள் இழக்கும் சேமிப்பு வட்டியோ சுமார் 133 மட்டுமே. இவ்வளவு தெளிவான கணக்கு கண்முன் இருந்தும் மனம் ஏன் ஒப்புவதில்லை என்பதற்கு, 2017-இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்டு தேலர் 1980-களிலிருந்து எழுதிவந்த ‘மனக் கணக்கு’ என்ற கருத்து நல்ல விளக்கம் தருகிறது. பணம் எல்லாம் ஒன்றுதான் என்றாலும், மனிதர்கள் அதைச் சேமிப்பு, செலவு, கடன் என்று தனித்தனிப் பெட்டிகளில் வைத்து, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத் தயங்குகிறார்கள். இப்படிச் செய்வது நீங்கள் மட்டும் அல்ல. கார்டுக் கடனைச் சுமந்துகொண்டே, குறைந்த வட்டி தரும் கணக்கிலும் பணம் வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம் என்பதை டேவிட் கிராஸ், நிக்கோலஸ் சூலெலஸ் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. அதற்குப் பின் இது பொருளியலில் ஒரு புதிராகவே விவாதிக்கப்பட்டு வருகிறது.

அந்தப் புதிருக்கு ஒரு நியாயமான பதிலும் உண்டு. எல்லாச் செலவையும் கார்டில் செய்துவிட முடியாது. திடீரென்று ரொக்கம் தேவைப்படலாம். ஆகவே ஓரளவு பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது அறிவுள்ள செயலே என்று ஐரினா டெல்யுகோவா 2013-இல் வாதிட்டார். அவர் சொல்வதை நான் ஏற்கிறேன். அதனால்தான் 60,000-ஐயும் எடுத்துக் கட்டச் சொல்லாமல், உங்கள் ஒரு மாத வீட்டுச் செலவான 20,000-ஐ விட்டுவைக்கச் சொல்கிறேன். வேலை நிச்சயமில்லாதவராக இருந்தால் இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். எவ்வளவு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வதற்கு ஒரு அளவுகோல் தருகிறேன்: கார்டுக் கடன் இருக்கும் வரை, சேமிப்பில் நீங்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு 10,000-க்கும் மாதம் 267 விலை கொடுக்கிறீர்கள் (300 வட்டியில், ஈட்டும் 33-ஐக் கழித்தது). அந்த நிம்மதிக்கு அந்த விலை தகும் என்று தோன்றினால் வைத்துக்கொள்ளலாம். விலையே தெரியாமல் வைத்துக்கொள்வதுதான் கூடாது.

இனி நீங்கள் 15,000-ஐப் பிரிக்கும் முறைக்கு வருகிறேன். எந்தக் கடனில் நிலுவை அதிகமோ அதற்கு அதிகம், எதில் குறைவோ அதற்குக் குறைவு என்று நிலுவைக்கு ஏற்பவே நீங்கள் பிரித்திருக்கிறீர்கள். இதைத் தனியே கவனித்து ஆராய்ந்தவர்கள் ஜான் கேதர்குட், நீல் மஹோனி, நீல் ஸ்டூவர்ட், யோர்க் வெபர் ஆகிய நால்வர். பிரிட்டனில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்டு வைத்திருப்போரின் தரவுகளைக் கொண்டு 2019-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, மக்களில் பெரும்பாலோர் அதிக வட்டிக் கார்டை முதலில் அடைப்பதும் இல்லை, சிறிய கடனை முதலில் முடிப்பதும் இல்லை. நிலுவைகளின் விகிதத்தில் பணத்தைப் பங்கிட்டுவிடுகிறார்கள். வட்டி விகிதம் அந்தப் பங்கீட்டில் ஏறக்குறைய இடமே பெறுவதில்லை. ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்: மாத அறிக்கையில் பெரிய எழுத்தில் நிற்பது நிலுவைத் தொகை, வட்டி விகிதம் அல்ல. உங்கள் விஷயத்தில், தனிநபர் கடனுக்குக் கட்டாயத் தவணைக்கு மேல் கட்டும் 2,000 அடுத்த மாத வட்டியில் 24-ஐக் குறைக்கிறது. அதே 2,000-ஐக் கார்டில் கட்டியிருந்தால் 60 குறைந்திருக்கும். ஆகவே மற்ற இரண்டுக்கும் கட்டாயத் தவணையை மட்டும் கட்டி, மீதி 10,500 முழுவதையும் கார்டுக்குச் செலுத்துங்கள்.

இதன் விளைவை மாதம் மாதமாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். சேமிப்பைத் தொடாமல், கார்டில் புதிய செலவும் செய்யாமல், 10,500 வீதம் கட்டினால் 90,000 நிலுவை பதினோராவது மாதம் முடியும். மொத்த வட்டி சுமார் 15,600. முதலில் 40,000-ஐச் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டு அதே 10,500-ஐத் தொடர்ந்தால், 50,000 என்பது முதல் மாத முடிவில் 41,000, பிறகு 31,730, பிறகு சுமார் 22,200, 12,300, 2,200 என்று இறங்கி ஆறாவது மாதத்தில் முடிந்துவிடும். மொத்த வட்டி சுமார் 4,800. சேமிப்பில் ஈட்டாமல் விட்ட சிறு வட்டியைக் கழித்தாலும், உங்களுக்கு மிச்சமாவது பத்தாயிரத்தை ஒட்டிய தொகை.

இங்கே இடையில் ஒன்று சொல்ல வேண்டும். மாதம் 3 சதவீதம் என்பதை ஆண்டுக்கு 36 சதவீதம் என்றே பலரும் நினைக்கிறார்கள். கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஏறுவதால், உண்மையில் அது ஆண்டுக்கு 42.6 சதவீதம். கூட்டுவட்டியின் வேகத்தை மனம் குறைத்தே மதிப்பிடும் இந்த இயல்பு மிகுந்தவர்கள் அதிகம் கடன் வாங்குகிறார்கள், குறைவாகச் சேமிக்கிறார்கள் என்று விக்டர் ஸ்டாங்கோ, ஜொனாதன் ஜின்மன் ஆகியோர் 2009-இல் எழுதினார்கள். சேமிப்பு வட்டி 4, கார்டு வட்டி 3 என்று ஆண்டுக் கணக்கையும் மாதக் கணக்கையும் அருகருகே எழுதிப் பார்ப்பவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். இரண்டையும் ஒரே கால அளவுக்கு மாற்றி எழுதினால் அந்த மயக்கம் தீர்ந்துவிடும்.

மாத அறிக்கையில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அதை நீங்கள் கண்ணில் படாதவாறு மறைத்துக்கொண்டாலும் தவறில்லை. மேலே குறிப்பிட்ட நீல் ஸ்டூவர்ட் 2009-இல் செய்த ஒரு சோதனையில், கற்பனையான ஒரு கார்டு அறிக்கையைக் கொடுத்து எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டார். ஒரு பகுதியை மட்டும் கட்ட விரும்பியவர்களில், குறைந்தபட்சத் தொகை காட்டப்படாதவர்கள் நிலுவையில் சராசரியாக 40 சதவீதத்தையும், காட்டப்பட்டவர்கள் 23 சதவீதத்தையும் கட்டுவதாகச் சொன்னார்கள். அந்த எண் ஒரு நங்கூரம் போல மனத்தைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. நிலுவையில் 5 சதவீதம் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் 90,000-க்கு அதை மட்டும் கட்டிவந்தவர் ஓராண்டில் சுமார் 49,500 செலுத்தியிருப்பார். கடனோ சுமார் 20,700 மட்டுமே குறைந்திருக்கும். நிலுவை பாதியாவதற்கே ஏறக்குறைய 32 மாதங்கள் ஆகும்.

இனி நண்பர் சொன்னதற்கு வருகிறேன். கடன்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில் மனிதர்களுக்கு ஒரு தனி ஆர்வம் இருப்பதை மோட்டி அமாரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2011-இல் காட்டினார்கள். பல கடன்கள் கொண்ட ஒரு விளையாட்டில், பங்கேற்றவர்கள் வட்டி அதிகமுள்ள பெரிய கடனை விட்டுவிட்டுச் சிறிய கடன்களையே முதலில் முடித்து, அதனால் நட்டமடைந்தார்கள். இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. 2012-இல் டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் ஆகியோர், கடன் தீர்வு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்தபோது, கணக்குகளை ஒவ்வொன்றாக முடித்துவந்தவர்களே இறுதிவரை நின்று முழுக் கடனையும் அடைத்திருப்பதைக் கண்டார்கள். கெரி கெட்டில் உள்ளிட்டோரின் 2016 ஆய்வும், பணத்தைப் பரவலாகக் கட்டாமல் ஒரே கணக்கில் குவித்துக் கட்டும்போது முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவதால் ஊக்கம் கூடுகிறது என்றது. கணக்குகளை முடித்ததால்தான் அவர்கள் உறுதியாக நின்றார்களா, அல்லது உறுதியுள்ளவர்களே கணக்குகளை முடித்தார்களா என்பதைக் கால், மெக்‌ஷேன் ஆய்வின் தரவு தனியே பிரித்துச் சொல்லாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனாலும் மாதக்கணக்கில் ஒரு திட்டத்தில் நிற்பது கடினம் என்பதை அறிந்தவன் என்ற முறையில், இந்த முடிவுகளை நான் ஒதுக்கிவிடுவதில்லை.

உங்கள் விஷயத்தில் இரண்டு கருத்துகளுக்கும் இடையிலான வேறுபாட்டை எண்ணிலேயே சொல்லிவிடலாம். சேமிப்பிலிருந்து எடுப்பதில் 12,000-ஐக் கொண்டு தவணைக் கடனை முடித்தால் மாதம் 120 வட்டி குறையும். அதே தொகையைக் கார்டில் கட்டினால் 360 குறையும். நண்பரின் வழிக்கு முதல் மாதத்தில் 240 கூடுதல் விலை. விடுபடும் 1,500 தவணையையும் கார்டுக்குத் திருப்பினால் அது மாதத்துக்கு மாதம் சற்றுக் குறைந்துகொண்டே போகும். மூன்று கடன் என்பது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது, ஒன்று முடிந்தால்தான் மற்றவற்றைச் சமாளிக்க முடியும் என்று நீங்கள் உண்மையாகவே உணர்ந்தால், அந்த விலையைக் கொடுங்கள். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அப்படி இல்லையென்றால் அக்காவின் வழியில் செல்லுங்கள். அந்த வழியிலும் நீண்ட காத்திருப்பு இல்லை. ஆறாவது மாதத்தில் கார்டுக்குச் சுமார் 2,300 மட்டுமே தேவைப்படும் என்பதால் கையில் 8,200 மிஞ்சும். அப்போது தவணைக் கடனில் பாக்கி ஏறத்தாழ 3,500-ஆகத்தான் இருக்கும். ஆக, ஒரே மாதத்தில் இரண்டு கணக்குகளை முடித்துவிடலாம். தவணைக் கடன்களுக்கு முன்கூட்டி முடிக்கும் கட்டணம் சில ஒப்பந்தங்களில் இருக்கும். கட்டுவதற்கு முன் அந்தப் பிரிவைப் படித்துவிடுங்கள். கட்டணம், மிச்சமாகும் வட்டியைவிட அதிகமானால் வழக்கமான தவணையிலேயே விட்டுவிடலாம்.

நான் உண்மையாகக் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. 40,000 கட்டியவுடன் கார்டில் 40,000 செலவழிக்க இடம் திறந்துவிடும். கடன் வரம்பு உயர்த்தப்பட்ட அமெரிக்க வாடிக்கையாளர்களின் கடனும், வரம்பில் கூட்டப்பட்ட தொகையில் 10 முதல் 14 சதவீதம் வரை கூடியது என்று மேலே சொன்ன கிராஸ், சூலெலஸ் ஆய்வு கண்டறிந்தது. சேமிப்பும் கரைந்து கார்டும் மீண்டும் நிறைந்தால், இப்போது இருப்பதைவிட மோசமான நிலைக்கு வந்துவிடுவீர்கள். ஆகவே சேமிப்பிலிருந்து பணத்தை எடுக்கும் அதே நாளில் கார்டு நிறுவனத்திடம் வரம்பைக் குறைத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். இணைய விற்பனைத் தளங்களில் சேமித்து வைத்துள்ள கார்டு விவரங்களை நீக்குங்கள். 10,500-ஐ, சம்பளம் வரும் நாளுக்கு மறுநாள் தானாகவே பற்றாகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். மாதந்தோறும் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கும் எதுவும் ஏதாவது ஒரு மாதம் தவறிப்போகும்.

ஆறாவது மாதம் கார்டு நிலுவையைக் கட்டி முடித்த பிறகும் அடுத்த அறிக்கையில் ஒரு சிறு வட்டித் தொகை வரக்கூடும். அறிக்கைத் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி அது. தவறு என்று நினைத்து விட்டுவிட்டால் தாமதக் கட்டணம் சேரும். அதையும் கட்டி, நிலுவை பூஜ்யம் என்ற அறிக்கை கைக்கு வந்ததும், மாதம் 15,000 முழுவதையும் தனிநபர் கடனுக்குத் திருப்புங்கள். அதற்கு மூன்று மாதங்களுக்கு மேல் தேவைப்படாது.