பி.காம். ஐ.எஸ்.எம்.மா, பி.சி.ஏ.வா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் படித்தாள், கணிதம் கிடையாது. சென்னையில் ஒரு கல்லூரியில் பி.காம். தகவல் முறைமை மேலாண்மை (ஐ.எஸ்.எம்.), பி.சி.ஏ. (கணினிப் பயன்பாட்டு இளங்கலை) இரண்டிலும் இடம் கிடைக்கிறது. எதில் சேர்க்கலாம்? பிறகு எம்.சி.ஏ. படிக்க முடியுமா?

பதில்: இரண்டிலும் கம்ப்யூட்டர் உண்டு, வேலைதான் வேறு. நம் ஊர் இன்ஷியலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் 'எஸ். முருகன்', பான் அட்டையில் 'முருகன் சுப்பையா', வங்கிப் புத்தகத்தில் 'முருகன் எஸ்'. மூன்றையும் சேமித்து, கேட்ட நொடியில் எடுத்துத் தரும் மென்பொருளை எழுதுவது தகவல் தொழில்நுட்பம்; பி.சி.ஏ. அந்தப் பக்கம். மூவரும் ஒரே ஆள்தானா, எந்தப் பெயரை வைத்துக்கொள்வது, யார் அதைத் திருத்தலாம் என்று முடிவு செய்வது தகவல் மேலாண்மை; ஐ.எஸ்.எம். இந்தப் பக்கம். இரண்டாவதற்கு ஆள் கிடைப்பதுதான் கடினம் என்பது என் அனுபவம். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போன எஸ்.ஆர். ரங்கநாதன் அதுவரை கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, நூல்களை வகைப்படுத்தி இந்த வேலையைத்தான் செய்தார்.

சரி, மகள் விஷயம். பிளஸ் டூவில் பி.எச்.பி. (இணையதளம் உருவாக்கும் புரோகிராம் மொழி) படித்திருப்பாள். லேபில் புரோகிராம் ஓடாதபோது பிழையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தாளா, பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கி எழுதினாளா என்று அவளிடமே கேளுங்கள். உட்கார்ந்தவள் என்றால் பி.சி.ஏ. கணக்குப்பதிவியல்தான் பிடித்தது என்றால் ஐ.எஸ்.எம்.; அதில் பாதிக்கு மேல் வணிகவியல் பாடம்தான், பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. சேரும் முன் ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் வாங்கி, டேட்டாபேஸ் பாடத்துக்கு லேப் இருக்கிறதா என்று பாருங்கள்.

எம்.சி.ஏ.வில்தான் சிக்கல். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிப்படி பி.சி.ஏ. முடித்தவர் நேராக விண்ணப்பிக்கலாம். பி.காம். என்றால் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் கட்டாயம் என்று முன்பு இருந்தது; இப்போது இருந்தால் நல்லது என்றுதான் விதி, கணிதமே படிக்காதவர் இணைப்புப் பாடம் (பிரிட்ஜ் கோர்ஸ்) முடிக்க வேண்டும். உங்கள் மகளுக்குப் பள்ளியில் இல்லை, ஆகவே ஐ.எஸ்.எம். எடுத்தால் அதிலுள்ள வணிகக் கணிதத்தை ஏற்பார்களா, இணைப்புப் பாடம் படிக்க வேண்டுமா என்று எம்.சி.ஏ. நடத்தும் கல்லூரியில் இப்போதே விசாரித்து வையுங்கள். எம்.சி.ஏ. நிச்சயம் என்று அவள் சொன்னால், யோசிக்காமல் பி.சி.ஏ.வில் சேருங்கள்.