வாசகர் கேள்வி – பதில்: ஆலை அடங்கியது, கோடரி அடங்கவில்லை

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் செம்பனை ஆலைக்குக் கீழே ஓடும் ஆறு ஒரு காலத்தில் நாறிக் கிடந்தது என்றும், அரசாங்கம் தலையிட்ட பிறகே தெளிந்தது என்றும் என் தகப்பனார் சொல்வார். ஆலையை அடக்க முடிந்த அரசாங்கத்தால், காப்புக்காடுகள் அழிவதை மட்டும் ஏன் தடுக்க முடியவில்லை?
– தோட்டப்புற வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: தகப்பனார் சொல்வது சரிதான் அம்மா. பால்மரங்களை (ரப்பர் மரங்களை) வெட்டிவிட்டுச் செம்பனை நடும்படி மலேசிய அரசாங்கமே ஊக்கமளித்த காலத்தில் ஆலைகள் பெருகின. அவற்றின் கழிவு போய்ச் சேர ஆற்றைத் தவிர வேறு இடமில்லை. ஒரு டன் கச்சாச் செம்பனை எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்றரை டன் கழிவுநீர் வெளியேறும். சூடாகவும் கொழகொழப்பாகவும் பழுப்பு நிறத்தில் வரும் அது நச்சுப்பொருள் அன்று. ஆனால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆற்றுநீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும்.

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. ஒவ்வோர் ஆலையும் உரிமம் பெற வேண்டும். அந்த உரிமக் கட்டணமோ வெளியேற்றும் அழுக்கின் அளவைப் பொறுத்தது. கழிவுநீர் உறிஞ்சக்கூடிய ஆக்சிஜனுக்கான வரம்பு, 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி, 1984இல் 100 ஆனது. இந்தப் படிகள்தாம் அதன் சாமர்த்தியம் என்பேன்: ஆலைகளால் செய்ய இயலாததை முதல் நாளே கேட்காமல், கழிவைச் சுத்திகரிக்கும் குளங்கள் வெட்டிப் பழக அவகாசம் தந்து, பிறகு பிடியை இறுக்கினார்கள். இன்றும் ஆலைக்குப் பின்புறம் போய்ப் பார்த்தால், முதல் குளத்தில் கரும்பழுப்பு நுரை கொப்பளிப்பதையும், குளத்துக்குக் குளம் நீர் மெலிந்து வருவதையும் காணலாம். அடைமழையில் அவை நிரம்பி வழிவதும் உண்டு. அது வேறு கதை.

ஆலைக்கான சட்டம் கூட்டரசு (மத்திய அரசு) இயற்றியது; காட்டின் நிலை அப்படியன்று. நிலமும் காடும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி மாநிலங்களின் கையில் உள்ளன. கூட்டரசு இயற்றிய 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம்கூட, மாநிலச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும். வருமான வரி கூட்டரசுக்குப் போக, மாநிலத்துக்கு மிஞ்சுவது நிலவரி, நிலப் பிரீமியம், மரத்துக்கும் கனிமத்துக்குமான ராயல்டி போன்றவையே. மரம் நின்றால் கஜானாவுக்கு ஒன்றுமில்லை, விழுந்தால் வருமானம் என்ற நிலையில் ஒரு மாநிலத்தை வைத்துவிட்டு, அதனிடம் காட்டைக் காக்கும்படி உபதேசம் செய்வதில் என்ன பயன்? காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மானியம் தரும் திட்டம் 2019இல்தான் 6 கோடி ரிங்கிட்டுடன் தொடங்கியது. பின்னர் ஒதுக்கீடு உயர்ந்தாலும், ஒரு பெரிய மேம்பாட்டுத் திட்டம் காட்டும் ஆசையோடு அது போட்டியிடும் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: அப்படியானால், மக்கள் எதிர்ப்புத் தெரிவிப்பதால் பயனே இல்லையா?
– வாசகர், கோலா சிலாங்கூர்

பதில்: உண்டு, நம் சிலாங்கூர் மாநிலத்திலேயே கண்டோம். கோலா லங்காட் வடக்குக் காப்புக்காட்டின் பெரும்பகுதியைக் காப்பிலிருந்து நீக்கும் திட்டம் 2020இல் வெளியானபோது, அங்கு வாழும் தெமுவான் பூர்வகுடியினர் உட்பட ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபித்தனர். அப்படியிருந்தும் ஒரு பகுதி நீக்கப்பட்ட செய்தி 2021இல் அம்பலமானது. கண்டனம் வலுத்த பின், அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு முடிவை மாற்றிக்கொண்டது. 2022இல் வனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், காப்புக்காட்டை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்கிறது. ஆனால் அதையும் மாநிலம் ஏற்றாக வேண்டும். ஆகவே, அடுத்த முறை உங்கள் சட்டமன்ற உறுப்பினர் தீபாவளி உபசரிப்புக்கு வரும்போது, நீக்கத்தையும் அதற்கு ஈடாகத் தரப்படும் நிலத்தையும் பற்றி அவர் மன்றத்தில் என்ன பேசினார் என்று கேளுங்கள்.