பத்திரத்தில் உள்ள ‘குவாரி’: வேட்டையா, கல்லா?

ராதாபுரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா 1938இல் ஆங்கிலத்தில் எழுதிப் பதிவு செய்த பத்திரத்தில், புஞ்சையை ஒட்டிய பொத்தையில் (சிறு பாறைக்குன்றில்) ‘டு குவாரி அண்ட் ரிமூவ் ஸ்டோன்’ என்று ஓர் உரிமை குறிக்கப்பட்டிருக்கிறது. நிலத்தை விலைபேச வந்த தரகர் கைப்பேசியில் அகராதியைத் திறந்து காட்டி, “குவாரி என்றால் வேட்டையில் துரத்தப்படும் விலங்கு. இது வேட்டை உரிமை. வேட்டையைத்தான் அரசு தடை செய்துவிட்டதே, இந்தத் தாளுக்கு இனி மதிப்பில்லை” என்று சொல்லி, பாதி விலைக்குக் கேட்கிறாராம். தரகர் சொல்வது சரியா என்பது வாசகரின் கேள்வி.

சரியல்ல. உங்கள் பத்திரத்தில் இருப்பது கல் வெட்டும் உரிமை. தரகர் காட்டிய பொருளும் அகராதியில் உள்ளதுதான். ஆனால் அது வேறொரு சொல்லுக்கு உரியது. தமிழில் ‘கல்’ என்பது பாறைத்துண்டையும் குறிக்கிறது, ‘படி’ என்று ஏவவும் செய்கிறது. அதை வைத்து இரண்டும் ஒரே சொல் என்று யாரும் வாதாடுவதில்லை. ஆங்கிலக் குவாரியும் அப்படித்தான்: எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, பிறப்பு வேறு.

வேட்டைக் குவாரியின் கதை சுவையானது. இடைக்காலப் பிரான்சில் மான் விழுந்ததும் அதன் தோலை உரித்து, அந்தத் தோலின் மேலேயே குடலையும் உள்ளுறுப்புகளையும் பரப்பி, துரத்திக் களைத்த நாய்களுக்குப் பங்காக வைப்பார்கள். அந்தப் பங்கின் பெயர்தான் ஆங்கிலத்துக்குப் போய் 14ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லாயிற்று. தோலைக் குறிக்கும் ‘கோரியம்’ என்ற லத்தீன் சொல்லின் சாயல் அதில் படிந்திருக்கிறது. நாய்க்கு வைத்த பங்கைக் குறித்த சொல், பிறகு வல்லூறு பாய்ந்து பிடிக்கும் பறவையைக் குறித்தது. அதன் பிறகே துரத்தப்படும் எந்த விலங்குக்கும் பெயராயிற்று.

கல் குவாரிக்கு மூலம் ‘குவாட்ரம்’, அதாவது சதுரம். பாறையைச் சதுரக் கல்லாகப் பிளந்து எடுக்கும் இடம் என்பதே அதன் முதற்பொருள். நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்ததும் இந்தச் சொல்தான்; வள்ளியூரில் ஒருவர் ‘குவாரி’ என்றால் ஜல்லி லாரி நினைவுக்கு வருமே தவிர, மான் நினைவுக்கு வராது.

இரண்டில் எது என்று அறியப் பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பாருங்கள். உங்கள் வாசகத்தில் ‘ஸ்டோன்’ இருக்கிறது, அப்புறப்படுத்துதல் இருக்கிறது. நாயோ துப்பாக்கியோ இல்லை. அதோடு, அங்கே குவாரி வினைச்சொல்லாக வந்திருக்கிறது; சொத்துப் பத்திரத்தில் அது வினையாக வந்தால் வெட்டி எடுப்பது என்றே பொருள்.

ஒரே ஒரு விலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். பழைய பங்களாக்களின் ஆங்கிலப் பத்திரங்களில், தரையைப் பற்றிய வரியில் ‘குவாரிஸ்’ என்று வரலாம். அது கல் வெட்டும் குழியும் அன்று, விலங்கும் அன்று. மெருகு பூசாமல் சுட்ட சதுரத் தரை ஓடு. ஈயப் பட்டையில் பதிக்கும் சாய்சதுர ஜன்னல் கண்ணாடிக்கும் இதே பெயர் உண்டு. இவையும் ‘சதுரம்’ என்ற வேரிலிருந்து வந்தவையே. ஆகவே வீட்டுப் பத்திரத்தில் இந்தச் சொல்லைக் கண்டவுடன் கொல்லையில் கல் வளம் இருப்பதாக மகிழ்ந்துவிட வேண்டாம். தரை, ஜன்னல், சுவர் என்ற சொற்கள் அருகில் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். உங்கள் பத்திரம் பொத்தையைப் பேசுவதால் இந்த ஐயம் உங்களுக்கு இல்லை.

தரகரின் கைப்பேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல அச்சு அகராதி இவற்றை 1, 2 என்று எண் இட்டுத் தனித்தனிச் சொற்களாகத் தரும். கைப்பேசிச் செயலிகள் பலவும் எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டிவிடுகின்றன. ‘இரை’ முதலில் நின்றால் அதையே சட்டம் போல நீட்டுகிறார்கள். ஆங்கிலம் தெரியாத குடும்பத்தின் கையில் ஆங்கிலப் பத்திரம் இருப்பதை மோப்பம் பிடித்து வருகிறவர்களிடம் மூலத்தைக் காட்டவே காட்டாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொண்டு, அதை மட்டும் காட்டுங்கள். வாழ்நாளில் எத்தனையோ மொழிபெயர்ப்புகளைப் பார்த்துவிட்டேன். ‘குவாரி’யை ‘வேட்டைப்பொருள்’ என்று எழுதிய ஒரு தாளில், வாசித்தே பார்க்காமல் வட்ட முத்திரை குத்தியிருந்ததையும் பார்த்தேன். முத்திரைக்குக் கட்டணம் வாங்குகிறவர் ஒரு முறையாவது வாசிக்கக் கூடாதா? அந்தக் குடும்பம் அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்காகப் பாளையங்கோட்டைக்கு நான்கு முறை பஸ் ஏறியது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் வேட்டைத் தடை விலங்குகளைப் பற்றியது. உங்கள் கல்லுக்கு அதைக் காட்டிப் பயமுறுத்துவது வெறும் மிரட்டல். ஆனால் பத்திரத்தில் உரிமை இருக்கிறது என்பதற்காக நாளையே கல் உடைக்க ஆளை இறக்கிவிடாதீர்கள். பட்டா நிலமாக இருந்தாலும், 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அரசின் அனுமதி பெற்றே கல் எடுக்க முடியும். மொழிபெயர்ப்பாளரிடம் ‘கல் வெட்டி எடுத்து அப்புறப்படுத்தும் உரிமை’ என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். ‘குவாரி உரிமை’ என்று பாதியில் நிறுத்த விடாதீர்கள். அந்தத் தாளோடு ஒரு சிவில் வழக்கறிஞரைப் பார்த்து, அந்த உரிமை இன்றும் உங்கள் பெயருக்கு வருகிறதா என்று கேட்டு முடிக்கும்வரை தரகரிடம் முன்பணம் வாங்க வேண்டாம்.