ஒரே பேப்பரை இரண்டு மாநாடுகளுக்கு அனுப்பலாமா?

கேள்வி: கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒரு மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரை நாலு மாதம் காத்திருக்க வைத்துவிட்டு ரிஜெக்ட் ஆகிவிட்டது. அடுத்த முறை ஒரே சமயத்தில் இரண்டு மாநாடுகளுக்கு அனுப்பு, ஒன்று ஏற்றதும் மற்றதை வாபஸ் வாங்கிக்கொள் என்கிறார் என் சீனியர். செய்யலாமா?

பதில்: கூடாது. வேறெங்கும் பரிசீலனையில் இல்லாத கட்டுரையைத்தான் அனுப்ப வேண்டும் என்பது பெரும்பாலான மாநாடுகளின் விதி. மாட்டிக்கொள்வதும் சுலபம். ஒரு குறிப்பிட்ட தலைப்பை எடைபோடத் தெரிந்தவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் கொஞ்சம் பேர்தான். எல்லா மாநாடும் அவர்களைத்தான் ரிவ்யூவுக்குக் கூப்பிடுகிறது. சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து படிக்கிற அந்த மனிதர் கைக்கே உங்கள் பேப்பர் இரண்டு பக்கமிருந்தும் வந்தால் சும்மா இருப்பாரா? அமைப்பாளர்களுக்கு ஒரு மெயில் போடுவார், இரண்டு இடத்திலும் கதை முடிந்தது. கூடவே உங்கள் கைடு பெயரும் கெடும். அந்த நேரத்தில் சீனியர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

ரிஜெக்ட் ஆனதற்காக மனசு உடைய வேண்டாம். இன்று நியூரிப்ஸ் எனப்படும் செயற்கை நுண்ணறிவு மாநாடு 2014-ல் ஒரு சோதனை செய்து பார்த்தது. வந்த கட்டுரைகளில் சுமார் 10 சதவீதத்தை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு ஏற்றுக்கொண்டவற்றில் பாதிக்கு மேல் மற்ற குழு தள்ளிவிட்டது! அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதற்காக வந்த ரிவ்யூவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரிவ்யூவர் மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருந்தால் கோளாறு அந்தப் பத்தியில்தான். அதைத் திருத்தாமல் அனுப்பினால் அடுத்த மாநாட்டிலும் அதே ரிவ்யூவர் வந்து தொலைக்கலாம்.

காலம் வீணாகிறதே என்கிறீர்கள். முதல் சுற்று ரிவ்யூவை நடுவிலேயே காட்டி, பதில் எழுத அவகாசம் தரும் மாநாடுகள் உண்டு. அதைப் பார்த்ததும் தேறாது என்று தோன்றினால் முறைப்படி வாபஸ் வாங்கிவிட்டு, திருத்தி, அடுத்த இடத்துக்கு அனுப்பலாம். இது நேர்வழி. வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்ற பயமிருந்தால் ஆய்வுக் கட்டுரைகளை யாரும் படிக்கும்படி பதிவேற்றி வைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் போட்டுவையுங்கள், தேதியோடு பதிவாகிவிடும். மாநாடு அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

எழுதியவர் யாரென்று தெரியாமல் மதிப்பிடும் மாநாடு என்றால் அனுப்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தலைப்புக்குக் கீழே பெயரை எடுத்தால் போதாது. பிடிஎஃப் கோப்பின் பண்புகளைத் திறந்து பாருங்கள், ஆசிரியர் என்ற இடத்தில் உங்கள் பெயர் ஒளிந்திருக்கும். நன்றியுரையில் நிதி கொடுத்த திட்டத்தின் எண், புரோகிராம் கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தள முகவரியில் பயனர் பெயர், "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று தொடங்கும் ஒரு வாக்கியம், எல்லாமே காட்டிக்கொடுக்கும். பழைய கட்டுரையை வேறொருவர் எழுதியதைப் போலவே மேற்கோள் காட்டுங்கள். நல்ல கட்டுரைகளே இந்தக் காரணத்தால் ரிவ்யூவுக்குப் போகாமல் திரும்பிவிடுவதுண்டு, அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்புறம், ரிஜெக்ட் ஆன சூட்டில், மூன்றே நாளில் ஏற்பு என்று ஆசைகாட்டி வரும் மெயில்களுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். எந்த மாநாடு என்று சந்தேகம் வந்தால், உங்கள் துறையில் நீங்கள் மதிக்கிற நாலு பேர் அங்கே கட்டுரை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.