சுவாஹிலி கரை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கென்யாவின் துறைமுக நகரான மொம்பாசாவில் ஆறு வருடம் இருந்தவன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, சுவாஹிலி என்பது இனமா, மொழியா? அது அரபியின் ஒரு வகைதானே?

இனம், மொழி இரண்டுக்கும் அதே பெயர்தான். அரபியில் 'சவாஹில்' என்றால் கடற்கரைகள், அதிலிருந்து வந்தது. சோமாலியாவின் தெற்கிலிருந்து மொசாம்பிக்கின் வடக்கு வரை கரையிலும் தீவுகளிலும் வாழ்கிற மக்கள் இவர்கள். ஆனால் மொழி அரபியின் வகை இல்லை, அது ஆப்பிரிக்காவின் பாண்டு குடும்பம். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலிக்கு அங்கே 'கிட்டி', பல நாற்காலிகள் என்றால் 'விட்டி', அதாவது முன்னால் இருக்கிற 'கி' பன்மையில் 'வி' ஆகிவிடும். அரபியிலிருந்து 'கிதாப்' போய் 'கிட்டாபு' ஆனது, சரி, புத்தகங்கள் என்று சொல்ல என்ன செய்தார்கள்? 'விட்டாபு'! வந்த சொல்லைத் தங்கள் இலக்கணத்துக்குப் பழக்கிவிட்டார்கள். அந்தக் கரையில் இதுதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

அங்கே உள்ள பழைய கல் ஊர்களை வெளியிலிருந்து வந்த அரபுகளும் பாரசீகர்களும் கட்டினார்கள் என்று படித்திருக்கிறேன். உண்மையா சார்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆப்பிரிக்கர்களால் இப்படிக் கட்ட முடியாது என்ற எண்ணத்தில் காலனி ஆட்சிக் காலத்தில் எழுதிவைத்தது அது, இன்னும் பலர் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கென்யாவில் லாமுவுக்குப் பக்கத்தில் பாட்டே தீவில் ஷங்கா என்று ஒரு பாழடைந்த ஊர் இருக்கிறது. 1980களில் அங்கே பள்ளிவாசலுக்கு அடியில் தோண்டியபோது, ஒன்றின் மேல் ஒன்றாக அதற்கு முந்தைய பள்ளிவாசல்கள் வந்தன. அடியில் இருந்தவை 8ஆம் நூற்றாண்டு வாக்கில் மரக்கம்பு நட்டுக் கட்டிய சின்னஞ்சிறு கட்டடங்கள், பவளக்கல் பின்னால்தான் வருகிறது. அந்த ஆரம்ப அடுக்குகளில் கிடைத்த பானையோடுகளில் பெரும்பாலானவை உள்ளூர் மண்பாண்டம். திடீரென்று யாரோ கப்பலில் வந்து இறங்கிக் கட்டிய ஊராக இருந்தால் இப்படிப் படிப்படியாக வளர்ந்திருக்காது.

அதற்காக வெளியாட்களே வரவில்லை என்றும் சொல்லமாட்டேன். பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து இளவரசர்கள் வந்தார்கள் என்று, இன்றைய தான்சானியாவின் தீவு ஊரான கில்வாவின் பழைய வரலாற்று ஏடு சொல்கிறது. 2023இல், இடைக்காலத்திலும் அதற்குப் பின்னும் இறந்த 80 பேரின் மரபணுவை ஆராய்ந்து வெளியிட்டார்கள். கரையூர்களில் புதைக்கப்பட்டிருந்தவர்களில் பலருக்குத் தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கா, தந்தைவழியில் பாரசீகத் தொடர்பு, கலப்பு தொடங்கியது ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில். அதாவது வந்தவர்கள் உள்ளூர்க் குடும்பங்களில் மணம் முடித்தார்கள், பிள்ளைகள் பேசியது தாய்மாரின் மொழியை.

கட்டடங்களைப் பற்றி இன்னும் சொல்லுங்கள். பவளத்தில் எப்படி வீடு கட்டுவது?

கடலுக்குள்ளிருந்து வெட்டி எடுத்ததும் ஒரு வகைப் பவளம் மிருதுவாக இருக்கும், அப்போதே செதுக்கிவிடுவார்கள், காற்றுப் பட்டுக் காய்ந்ததும் இறுகிவிடும். வாசல் சட்டம், பள்ளிவாசலில் தொழும் திசையைக் காட்டுகிற மாடமான மிஹ்ராப் எல்லாம் அதில்தான். சுவருக்குக் கரையில் கிடைக்கும் பழைய பவளப்பாறை. பவளத்தையே விறகு அடுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பும் எடுப்பார்கள். கூரைக்கு அலையாத்தி மரத்தின் கழி, அங்கே 'போரிட்டி' என்பார்கள். அந்தக் கழி தாங்குகிற நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அறையின் அகலம், பெரும்பாலும் மூன்று மீட்டருக்குள். லாமுவில் பழைய வீட்டுக்குள் நுழைந்தால் அறைகள் ஒடுக்கமாகவும் நீளமாகவும் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது இதனால்தான்.

கில்வாவை மட்டும் தவறவிடாதீர்கள். தெற்கே மொசாம்பிக் கரையிலுள்ள சோஃபாலா துறைமுகம் வழியாக வந்த தங்கத்தில் செழித்த ஊர், சொந்தமாகச் செப்புக்காசு அடித்தது. 1331இல் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா அங்கே போயிருக்கிறார். 1505இல் போர்ச்சுகீசியர் சூறையாடினார்கள்.

அடிமை வியாபாரத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பெருமையெல்லாம் சொல்லலாமா?

கூடாது. 19ஆம் நூற்றாண்டில் ஓமானிய சுல்தான்களின் ஆட்சியில் சான்சிபார் தீவின் கிராம்புத் தோட்டங்களுக்காகவும் ஏற்றுமதிக்காகவும் உள்நாட்டிலிருந்து மனிதர்களைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள், கரையூர் வணிகர்களுக்கும் அதில் பங்கு உண்டு. சான்சிபார் அடிமைச் சந்தை மூடப்பட்டது 1873இல். அந்த இடத்தில் இப்போது ஆங்கிலிக்கன் தேவாலயம் நிற்கிறது. நான் அங்கே போன அன்று வேறு எதையும் பார்க்க மனம் வரவில்லை.

நம் பக்கத்தோடு ஏதாவது தொடர்பு?

பாசிமணி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்த சின்னக் கண்ணாடி மணிகள் அந்தக் கரையின் பழைய ஊர்களில் கிடைத்திருக்கின்றன.

அக்கா ஒருத்தர் கங்கா துணி கொண்டுவந்தார். அதில் என்ன எழுதியிருக்கும்?

சுற்றிலும் கரை, நடுவில் பெரிய வடிவம், அதற்குக் கீழே ஒரு வரி. இரண்டு துண்டு ஒரு ஜோடி. அந்த வரிதான் முக்கியம். பக்கத்து வீட்டுக்காரியிடம் நேரில் சொல்ல முடியாததைக்கூட உடுத்திக்கொண்டு போய்ச் சொல்லிவிடுவார்கள். பழமொழியும் இருக்கும், 'ஹராக்கா ஹராக்கா ஹைனா பராக்கா', அவசரத்தில் பரக்கத், அதாவது இறையருள், இல்லை என்று அர்த்தம், நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் சொல்கிற அதே பரக்கத். நான் முதல் தடவை நிறத்தைப் பார்த்து ஒன்றை எடுத்தேன். கடைக்கார அம்மா என் கையைப் பிடித்து, யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன். அதை மடித்து உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து விரித்தார். 'நானி காமா மாமா' என்று இருந்தது. அங்கே மாமா என்றால் அம்மா. அம்மாவைப் போல யார்?